மேசை நின்ற இடம்

நெட்டை அமெரிக்கர் தரையில் மண்டியிட்டு, மேசையின் காலைத் தொட்டுக் கும்பிடாத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்கு கால்களுக்கும் கம்பளிக் காலுறை மாட்டியிருந்தது. எல்லாம் செத்துப்போன புரொபெஸோரேயின் காலுறைகள்.

பழைய தரையோடுகளில் ஒரு கீறல்கூட விழக்கூடாது என்று எவ்வளவு கவனமாக இருந்திருக்கிறார் என்று சொல்லி, கூட வந்த கண்ணாடிக்காரி மூக்கை உறிஞ்சினாள்.

மகள் ஜெனுஷா அதைத் தமிழில் சொல்ல, குகனேஸ்வரி தலையாட்டினாள். செத்தவரைப் பற்றி நல்லதாகச் சொன்னால் தலையாட்டத்தானே வேண்டும்.

புரொபெஸோரே, அதாவது பேராசிரியர், அமெரிக்காவில் பெரிய சிந்தனையாளர். முன்னோர் வைத்ததை வைத்த இடத்தில் விடுங்கள், அவசரப்பட்டு எதையும் மாற்றாதீர்கள் என்று தலையணை தலையணையாகப் புத்தகம் எழுதியவர். வயது போன காலத்தில் இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்து, போர்கோ வெக்கியோ சந்தையின் இரைச்சலுக்கு மேலே, இந்த நாலாம் மாடியில் குடியேறினார். அவருக்குச் சமைத்து, துவைத்து, வேளைக்கு மருந்து கொடுத்தவள் குகனேஸ்வரி.

அவர் போய் ஒரு வருடமாகிறது. அறையில் ஒரு ஊசியைக்கூட அசைக்கக்கூடாது என்று, அவருடைய கொள்கைகளை முன்னெடுக்கும் அறக்கட்டளை அப்போதே சொல்லியிருந்தது. இன்றைக்குப் பார்த்துவர இரண்டு பேரை அனுப்பியிருக்கிறது. எல்லாம் அவர் விட்டபடி இருந்தால் வீடு நினைவிடமாகும். அதைக் காக்கும் வேலை குகனேஸ்வரிக்கு. இல்லாவிட்டால் வீட்டை விற்றுவிடுவார்கள். வேலை இல்லாமல் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கப் போனால் குவெஸ்தூராப் பொலிஸ்காரனுக்கு எதைக் காட்டுவது?

அவளும் கண்போலத்தான் காத்தாள். அவர் செத்த முப்பத்தோராம் நாள் வீடு கழுவியபோதுகூட, இந்த அறைக்கு மட்டும் வாசலில் நின்றே மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். தெளித்துவிட்டு, காலுறைகள் நனைந்துவிட்டனவோ என்று எட்டி எட்டிப் பார்த்தாள்.

நெட்டையர் எழுந்து பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். பின்னட்டைப் படத்தில் மேசை புத்தக அலமாரியோடு ஒட்டி நின்றது.

கண்ணாடிக்காரி தன் போனைத் திறந்தாள். முன்னொருமுறை வந்தபோது அவளே எடுத்த படம். மேசை ஜன்னலடியில் நின்றது.

இருவரும் ஒன்றாகத் திரும்பி, அறையின் நட்டநடுவில் இரண்டுக்கும் சம்பந்தமில்லாமல் நின்ற மேசையைப் பார்த்தார்கள்.

சண்டை பிடித்துக்கொண்டது. முன்னோரின் நூல்களில் முதுகைச் சாய்த்து எழுதியவர் அவர், அலமாரியடிதான் அவருடைய இடம் என்றார் நெட்டையர். சந்தைச் சனங்களின் முகம் பார்த்து எழுதியவர் அவர், ஜன்னலடிதான் என்றாள் கண்ணாடிக்காரி. கீழே மீன்காரன் தானும் ஒரு கட்சிபோலக் கத்திக்கொண்டிருந்தான்.

கடைசியில் ஒரு விஷயத்தில் இருவரும் ஒன்றுபட்டார்கள். குகனேஸ்வரியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"மேசையை ஆர் மாத்தினது எண்டு கேக்கினம்," என்றாள் ஜெனுஷா. "மம்மா மீயா, முழுசாதேங்கோ அம்மா. கள்ளி பிடிபட்ட மாதிரி இருக்கு."

குகனேஸ்வரியின் தொண்டைவரை உண்மை வந்து நின்றது. அதைச் சொன்னால் இவர்கள் நம்பமாட்டார்கள். நம்பிவிட்டால் இன்னும் மோசம். சோறு போட்ட மனிதரைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். முதலாண்டு நினைவான ஆட்டைத் திவசம் வருகிற கிழமையில் பொய் சொல்லவும் மனம் வரவில்லை. தேடியதில் உண்மையின் ஒரு சின்னத் துண்டு கையில் அகப்பட்டது.

"அவர் போனாப்பிறகு நான் ஒண்டையும் அசைக்கேல்லை. மனுசன் கடைசியாக் கை வைச்ச இடத்திலைதான் நிக்குது."

ஜெனுஷா அதை அவர்களுக்குச் சொன்னாள்.

நெட்டையர் மெல்ல நடந்துபோய் மேசையருகே நின்றார். அலமாரியைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். அவருடைய கண் கலங்கியது. முன்னோருக்கும் சனங்களுக்கும் சரிசமமான தூரத்தில் புரொபெஸோரே வந்து நின்றிருக்கிறார், இதுதான் அவருடைய கடைசிச் செய்தி என்றார்.

கண்ணாடிக்காரி அவரைக் கட்டிக்கொண்டாள். பிறகு குனிந்து, மேசையின் ஒவ்வொரு காலைச் சுற்றியும் தரையில் வெள்ளை ஒட்டுநாடாவால் கட்டம் போட்டாள். இனி எந்தக் காலத்திலும் இது அசையக்கூடாது. வீடு நினைவிடம்தான். குகனேஸ்வரி காவல்.

கை குலுக்கிப் போனார்கள். படிகளில் இறங்கிய காலடிச் சத்தம் சந்தைச் சத்தத்தில் கரைந்தது.

"அமுனீ, நாங்களும் போவம்," என்றாள் ஜெனுஷா, பையைத் தூக்கிக்கொண்டு. "போற வழியிலை மீனும் வாங்கலாம்."

குகனேஸ்வரி மேசையின் விளிம்பைத் தடவிக்கொண்டு நின்றாள்.

அந்தச் சனிக்கிழமையும் அவரும் அவளுமாக மேசையைத் தள்ளி, ஜன்னலடியிலிருந்து அலமாரிக்குப் பாதித் தூரம்தான் வந்திருந்தார்கள். கொஞ்சம் பொறு ஈஸ்வரி, மூச்சு வாங்கட்டும் என்று கதிரையில் சாய்ந்தவர், பிறகு எழும்பவேயில்லை.

"இண்டைக்குச் சனிக்கிழமையெல்லோ," என்றாள். "பையை வைச்சிட்டு அந்தப் பக்கத்தைப் பிடி, பிள்ளை."

"உங்களுக்கென்ன விசரோ? இப்பதானே அசைக்கக்கூடாதெண்டு சொல்லிப்போட்டுப் போகினம்!"

"அவை வரேக்கை கொண்டுவந்து கட்டத்துக்குள்ளை விடுவம். ஒரு மேசையை ரெண்டு கிழமை ஒரே இடத்திலை பாத்தா மனுசனுக்கு விசர் வரும் எண்டு அவர் சொல்லுறவர். ஒரு வருசமாப் பொறுத்திட்டுது, பாவம்."

ஜெனுஷா பிடித்தாள்.

காலுறை போட்ட கால்கள் வெள்ளைக் கட்டங்களைத் தாண்டி அலமாரிப் பக்கம் வழுக்கின. கீழ்வீட்டு சிஞோரா அம்மாளுக்கு, வழக்கம்போல, ஒரு சத்தமும் கேட்கவில்லை.