நழுவிய ஃபோகஸ்

மூன்றாவது டேக்கிலும் ஹீரோவின் முகம் மங்கலாகிப்போயிற்று. அவருக்குப் பின்னால் தண்ணீர் ஜக்கோடு நின்ற சர்வர் வேஷக்காரப் பையன்தான் பளிச்சென்று தெரிந்தான்.

"கட்! ஏம்மா, நான் ஹீரோவை வெச்சுப் படம் எடுக்கறேனா, அந்த சர்வரை வெச்சு எடுக்கறேனா?"

டைரக்டர் போட்ட சத்தம் ஹோட்டல் செட் முழுக்கக் கேட்டது. லென்ஸ் வளையத்தைத் திருப்பி ஃபோகஸ் பார்க்கும் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். "கை நழுவிடுச்சு சார்."

'கெட்டிக்காரப் பொண்ணு, நான் பொறுப்பு' என்று பத்து நாளைக்கு முன்னால் அவளைக் கூட்டிவந்தவரே கேமராமேன்தான். இப்போது அவள் வேலையும் போய், அவர் மரியாதையும் போகப் போகிறது.

லைட்மேன் அவர் காதருகே வந்தான். "கை நழுவல சார், மனசு நழுவியிருக்கு. காலையில ரெண்டு ஹெல்மெட்டைத் தூக்கிட்டு உள்ள வந்தா. ரெண்டாவது யாருக்குன்னு நினைக்கறீங்க?" என்று சர்வர் பையனைக் கண்ணால் காட்டினான்.

பையன் லட்சணமாகத்தான் இருந்தான். காதலிக்கட்டும், யார் வேண்டாமென்றது? அதை ஹீரோவின் தோளுக்கு மேலேதான் வைத்துக்கொள்ள வேண்டுமா என்று கேமராமேன் பல்லைக் கடித்தார்.

அதற்குள் மேக்கப்மேன் சீப்போடு ஓடினார். சர்வர் நின்ற மேசையில் தனியாகப் பேப்பர் படிக்கிற பெரியவரின் தலையைச் சீவிவிட்டபடியே, "காலையிலேர்ந்து பாக்கறேன், இந்த முடி அமுங்கினது அமுங்கினபடியே கிடக்கு" என்று அலுத்துக்கொண்டார்.

"இந்தப் பொண்ணு வேணாம். வேற ஆளைக் கூப்பிடுங்க" என்றார் டைரக்டர்.

"சார், ஒரே ஒரு சான்ஸ் கொடுங்க..." கேமராமேன் இழுத்தார்.

"சான்ஸா? அந்த டேக்கைப் போடுய்யா. உங்க கெட்டிக்காரி என்ன செஞ்சு வெச்சிருக்கான்னு எல்லாரும் பாக்கட்டும்."

மானிட்டரைச் சுற்றிக் கூட்டம் கூடியது. திரையில் ஹீரோ போனில், "எனக்கு யாரும் வேணாம். நான் தனியாவே இருந்துக்குவேன்" என்கிறார். சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் மங்குகிறது. பின்னால் சர்வர் தண்ணீர் ஊற்றிவிட்டு விலக, முதல் இரண்டு டேக்கிலும் பேப்பருக்குள்ளேயே ஒளிந்திருந்த பெரியவர், இந்தத் தடவை அதை இறக்கி ஒரு வாய் டீ குடிக்கிறார். அவருக்கு எதிரே ஒரு காலி நாற்காலி.

திட்டுவதற்காக வாயைத் திறந்த டைரக்டர் மானிட்டரை நோக்கிக் குனிந்தார்.

"திரும்பப் போடு."

திரும்பப் போட்டார்கள். டைரக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"இவன் தனியா இருந்துக்குவேங்கறான். முப்பது வருஷம் கழிச்சு இவன் எப்படி இருப்பான்னு பின்னாடி உக்காந்திருக்கு பாருங்கய்யா! இதைச் சொல்ல நான் ரெண்டு பக்கம் வசனம் எழுதி வெச்சிருக்கேன். அதெல்லாம் வேணாம், இந்த ஷாட் போதும். டேக் ஓகே!"

"அப்போ என் மூஞ்சி சார்?" என்றார் ஹீரோ பரிதாபமாக.

"அது போஸ்டர்ல வரும்ப்பா."

செட்டே சிரித்தது. கேமராமேனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"யாருய்யா அந்தப் பெரியவர்?" என்று டைரக்டர் கேட்க, துணை நடிகர்களைக் கூட்டிவரும் ஏஜென்ட் முன்னால் வந்தார்.

"நம்ம பழைய ஆள்தான் சார். இருபத்தஞ்சு வருஷமா எல்லா ஹீரோவுக்கும் பின்னாடி உக்காந்திருக்காரு. ஒரு படத்துலயாவது கண்ணு மூக்கு தெரியணுமே!"

"நாளைக்கும் வரச் சொல்லுங்க. அவருக்குத் தனியா ஒரு க்ளோசப் வெக்கறோம். அதுக்கும் இந்தப் பொண்ணே ஃபோகஸ் பாக்கட்டும்."

அவள் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வேலை தப்பிய சந்தோஷம் என்று கேமராமேன் நினைத்தார். ஆனாலும் அவருக்கு மனசு ஆறவில்லை. இன்று ஏதோ அதிர்ஷ்டம் காப்பாற்றிவிட்டது, நாளைக்கும் அவள் கண் சர்வர் மேலேயே போனால்?

சாயங்காலம் வேலை முடிந்ததும் நாலு வார்த்தை நறுக்கென்று சொல்லிவிடுவதென்று வண்டி நிறுத்தும் இடத்துக்குப் போனார். அவள் வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தாள். பின்சீட்டில் ஹெல்மெட் மாட்டிய ஆள் ஏறி உட்கார்ந்தாயிற்று. 'வாடி மகளே, கையும் களவுமா மாட்டினே' என்று அவர் நடையை எட்டிப் போட்டார்.

"வரேன் சார், பஸ் போயிடும்!" என்று அவரைத் தாண்டி ஓடினான் சர்வர் பையன்.

கேமராமேன் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். வண்டியிலிருந்து அவள் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்துச் செல்லமாக அதட்டுவது அவர் காதில் விழுந்தது.

"நாளைக்காவது முதல் டேக்லயே பேப்பரை இறக்குங்க அப்பா!"