தொப்பிக்காரனின் நோட்டு

"திரும்பிப் பார்க்காதே. அந்தத் தொப்பிக்காரன் நம்மளையே தொடர்ந்து வர்றான்."

வெளிநாட்டுத் தலைநகரைக் குடும்பத்தோடு சுற்றிப் பார்க்க வந்த பல் டாக்டர், தன் மனைவியின் காதைக் கடித்தார். பாஸ்போர்ட் பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டார்.

அரண்மனையில், "சின்ன சிம்மாசனம் ராஜாவுக்கு, பெரிசு அவரோட மாமியாருக்கு" என்று பிள்ளைகளுக்கு அவர் விளக்கியபோதே அவன் தூணருகே நின்று நோட்டில் எதையோ கிறுக்கினான். கோட்டையிலும் வந்தான். மணிக்கூண்டிலும் வந்து நின்றபோது டாக்டருக்குப் பொறுமை போய்விட்டது. ஆத்திரத்தில் தமிழிலேயே கத்தினார்.

"யாருய்யா நீ? எதுக்கு எங்களை வேவு பாக்குறே?"

அவன் அவசரமாகத் தொப்பியைக் கழற்றினான். பதிலும் தமிழிலேயே வந்தது.

"தப்பா நினைக்காதீங்க சார். இங்க கைடு வேலைக்குப் புதுசா சேர்ந்திருக்கேன். நாளைக்கு நாற்பது தமிழ்க்காரங்க வர்றாங்க, எனக்கோ சரித்திரம் சுத்தமா தெரியாது. நீங்க சொன்னதை ஒண்ணு விடாம எழுதிக்கிட்டேன். ரொம்ப நன்றி சார்!"

அவன் போனதும் மனைவி பூரித்தாள். "இவ்வளவும் எங்கேங்க படிச்சீங்க?"

"எங்கே படிச்சேன்? பசங்க கேட்டுக் கேட்டு உசுரை வாங்கினாங்க. வாய்க்கு வந்ததை அளந்து விட்டேன்."

"அப்போ அந்த மாமியார் சிம்மாசனம்?"

"அது, உங்கம்மா ஞாபகத்துல வந்துடுச்சு."