மதகுக்கு மூன்று சாவி

உப்பங்கோட்டை என்ற கற்பனை நகரத்தை மூன்று வருடம் ஏரி ஏரியாக அலைந்து வரைந்தவள் மரகதவல்லி. ஆனால் அந்த நகரத்தை வைத்து வந்த கதை விளையாட்டின் பெட்டி மேல் தாமோதரன் பெயர்தான் இருந்தது. அறிமுக விழாவில், ஆடுகிறவர்கள் கேட்கக் கேட்க ஊரில் என்ன இருக்கிறது, என்ன நடக்கிறது என்று சொல்லிக் கதை நடத்தியவனும் அவன்தான். அவள் போய் அவன் மேசையிலேயே ஆட உட்கார்ந்தாள். கதை நடத்துகிறவன் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கக்கூடாது; அதுதான் ஆட்டத்தின் சட்டம்.

“உங்க ஆள் எங்க நிக்குது, அக்கா?”

“ஏரிக்கரையில. மதகுக்குப் பூட்டு உண்டா தாமு?”

அவளுடைய குறிப்பேட்டில் அந்த மதகுக்குத் தெருவுக்கு ஒன்றாக மூன்று சாவி உண்டு; மூன்று தெருவும் சேராமல் அது திறக்காது. வரைபடத்தைத் திருடியவன் குறிப்பேட்டைப் பார்த்ததில்லை.

“பூட்டெல்லாம் இல்லை.”

“உன் ஊராச்சே, நல்லா யோசிச்சுச் சொல்லு.”

“இல்லைன்னு சொல்றேன்ல!”

“அப்ப திறக்கறேன்.”

சுற்றி நின்றவர்கள் வரைபடத்தின் மேல் குனிந்தார்கள். எல்லாத் தெருக்களும் ஏரிக்குக் கீழே பள்ளத்தில் கிடந்தன. மதகைத் திறக்க அவள் பகடையை எடுத்தாள். நகரம் இப்போதே மூழ்கினால் பெட்டியின் கதை அத்தோடு முடிந்தது.

தாமோதரன் அவள் காதருகே குனிந்தான். “வேணாம்க்கா. இது உங்க ஊர், அக்கா.”

“அதைச் சத்தமாச் சொல்லு” என்றாள், பகடையைக் கைக்குள் குலுக்கிக்கொண்டே.