பசிக்கு எத்தனை மார்க்

கல்லீரல் நோய்க்கான புது மாத்திரையைச் சோதிக்கும் ஆய்வில் ஜெபராணி நர்ஸ். யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் மாவு மாத்திரை என்பது அவளுக்கே தெரியாது. வாராவாரம் வார்டில் படுத்திருக்கும் நோயாளி மாடக்கண்ணுவிடம், பசிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்பாள். ஊரூராக லாரி ஓட்டிய மனிதர், ஐந்து மாதமாகச் சுவரைப் பார்த்தபடி ஒரே பதிலைத்தான் சொல்லிவந்தார்: “சைபர்.”

இன்று அவள் படிவத்தை விரித்ததுமே எரிந்து விழுந்தார். “மணி ஒம்பதாச்சு, இட்லி எங்கம்மா? வெளிய எவனோ வட வேற சுடுதான். மனுசன் எப்படிப் படுத்துக் கெடப்பான்?”

ஜெபராணிக்குக் கண் நிறைந்துவிட்டது. “அண்ணாச்சி, எத்தனை மார்க் போட?”

“மார்க்கு கெடக்கட்டும். மொதல்ல இட்லியக் கொண்டா!”

படிவத்தை அவர் கட்டிலிலேயே போட்டுவிட்டுக் கேன்டீனுக்கு ஓடினாள். பின்னாலேயே குரல் துரத்தியது: “ரெண்டு சட்னியும் வாங்கிட்டு வா!”