புண்ணியத்துக்கு விட்ட மீன்

"ஏன்னா, அந்த நாதன் இன்னிக்கும் தூண்டிலோட நிக்கறார்! சனிக்கிழமையும் அதுவுமா, கொஞ்சமாவது ஈவு இரக்கம் வேண்டாமோ மனுஷனுக்கு?"

ஏரிக்கரையில் காரை நிறுத்தியதுமே அனந்தலக்ஷ்மி போனில் கணவரிடம் பொரிந்து தள்ளினாள்.

"அவர் பிடிச்சா உனக்கென்ன? நீ விட்டுட்டு சீக்கிரம் வா," என்றார் ராமசுப்ரமணியன். அதைச் சொல்வதற்குள்ளேயே அவருக்கு மூச்சு வாங்கியது.

நியூ ஜெர்சி மான்மவுத் ஜங்ஷனில் இரண்டு குடும்பமும் ஒரே தெரு. பேரின்பநாதன் யாழ்ப்பாணத்துக்காரர், ரிட்டையர்டு இன்ஜினியர். வாரம் பூராவும் பரம சாது. சனிக்கிழமை விடிந்தால் போதும், தூண்டிலைத் தூக்கிக்கொண்டு இந்த ஏரிக்கு ஓடிவந்துவிடுவார். 'வால்ஐ' என்று ஒரு மீன், அதன் மேல் அவருக்கு அப்படியொரு பைத்தியம்.

அனந்தலக்ஷ்மிக்கும் சனிக்கிழமை இதே ஏரிதான். ஆனால் காரியம் வேறு. ரெண்டு வருஷம் முன்னால் கணவருக்கு பைபாஸ் ஆனபோது, மெட்ராஸ் ஜோசியர் வாட்ஸ்அப்பில் பரிகாரம் சொன்னார். சனிக்கிழமை தவறாமல் உயிருள்ள மீனைத் தண்ணீரில் விடணும். உயிருக்கு உயிர்.

அமெரிக்காவில் உயிர் மீனுக்கு எங்கே போவது? ஹைவே ஓரக் கடை ஒன்றில், தூண்டில் முள்ளில் கோக்கவென்று விரல் நீள மீன்களை உயிரோடு விற்றார்கள். வாளி வாளியாக வாங்கினாள். கடைக்காரன் மாமியைப் பெரிய மீன்பிடி வீராங்கனை என்றே நினைத்துக்கொண்டிருந்தான், பாவம்.

கணவரின் பேரையும் நட்சத்திரத்தையும் சொல்லி வாளியைக் கவிழ்ப்பாள். பளபளவென்று மீன்கள் ஓடும். இவளுக்கு வயிறு குளிர்ந்துவிடும்.

ஒரே ஒரு தரம் நாதன் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "அக்கா, குறை நினையாதேங்கோ. இது இந்த ஏரி மீன் இல்லை. இதுக்குள்ளை விடாதேங்கோ."

"ஆஹா! கொல்றவர் சொல்றேள், எங்காத்துக்காரர் உயிருக்காகக் காப்பாத்தற நான் கேட்டுக்கணுமாக்கும்!"

அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து மாமி மரங்களுக்குப் பின்னால் இருக்கும் கரைக்கு இடத்தை மாற்றிக்கொண்டாள்.

இன்று டிக்கியைத் திறந்து வாளியில் கை வைத்தபோது, மீன்வள அதிகாரி ஒருவர் நாதனோடு பேசிக்கொண்டிருப்பது தெரிந்தது. நாதன் மீன்பிடி லைசென்ஸை எடுத்து நீட்டினார். அதிகாரி அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். நாதன் தூண்டிலைச் சுருட்டி, யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் காரைக் கிளப்பிக்கொண்டு போனார்.

'நன்னா வேணும்!'

வாளியை அப்படியே விட்டுவிட்டு அதிகாரியிடம் போனாள். "என்ன ஆஃபீசர், அளவுக்கு மேல பிடிச்சுட்டாரா?" என்று இங்கிலீஷில் கேட்டாள்.

"இல்லை மேடம், பிடிக்கிறதுல பெரும்பாலானதைத் திருப்பி விட்டுடற ஆள் அவர். தூண்டில் கடையில விக்கற சின்ன மீனை வாளியோட இங்க கொட்டியிருக்கார். அதுதான் குற்றம்."

"சின்ன மீன்தானே? அது என்ன பண்ணும்?"

"ரெண்டு வருஷத்துல ஏரி முழுக்கப் பெருகிடுச்சு. இங்க ஏற்கெனவே இருந்த சின்ன மீனுக்கு இரை இல்லாம பண்ணிடுச்சு. வால்ஐ குஞ்சு பொரிச்சதும் இது அத்தனையையும் தின்னுடுது. இந்த வசந்தத்துல வலை போட்டுப் பார்த்தோம், ஒரு குஞ்சுகூட இல்லை."

அனந்தலக்ஷ்மி தன் கார் டிக்கியைத் திரும்பிப் பார்த்தாள். "அவர்தான் கொட்டினார்னு... எப்படித் தெரியும்?"

"யாருன்னு கண்டுபிடிக்க கேமரா வைக்கப்போறோம்னு அவர்கிட்ட சொன்னேன். உடனே, நான்தான்னு ஒத்துக்கிட்டார். இனிமே இங்க தூண்டில் போட முடியாது அவரால."

"புதுசா வால்ஐ கொண்டுவந்து விட்டா சரியாயிடாதா?"

"விடலாம் மேடம். அதோட குஞ்சையும் இது தின்னுடும்."

'நான்தான்' என்று சொல்ல வாய்வரை வந்தது. பயத்தில் வெளியே வரவில்லை. வாளியோடு திரும்பினாள். தெருமுனை வருவதற்குள் பாதி மீன் செத்து மிதந்தது.

தன் வீட்டுக்குப் போகாமல் நேரே நாதன் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி திரேசா கதவைத் திறந்தாள்.

"சனிக்கிழமை எப்ப வரும் எண்டு இருக்கிற மனுசன் அக்கா. இப்ப கராஜுக்குள்ளை போய்த் தூண்டிலைத் துடைச்சுக்கொண்டு இருக்கிறார். என்னெண்டு கேட்டாலும் சொல்லுறாரில்லை."

நாதனைக் கண்டதும் அனந்தலக்ஷ்மி அழுதேவிட்டாள்.

"நாதன் சார், ஏரியையே கொன்னுட்டேனே! நீங்க அன்னிக்கே சொன்னேளே, நான்தான் எடுத்தெறிஞ்சு பேசினேன். இப்பவே அந்த ஆஃபீசருக்கு போன் பண்ணி எல்லாத்தையும் சொல்லிடறேன்."

"வேண்டாம் அக்கா. சொன்னாப்போலை போன மீன் திரும்பி வரப்போகுதே? பேப்பரிலை உங்கட பேர் வரும். ராமசுப்ரமணியன் அண்ணை வாசிப்பார்."

"வாசிக்கட்டுமே! தப்புப் பண்ணினவ நான். நீங்க எதுக்குப் பழியைத் தூக்கி உங்க தலையில போட்டுக்கணும்?"

நாதன் தூண்டிலைச் சுவரில் சாத்தினார்.

"தன்ரை உயிருக்காக ஒரு ஏரியே செத்துப்போச்செண்டு தெரிஞ்சா, அண்ணையின்ரை நெஞ்சு தாங்குமே அக்கா?"