பாதி வழியில் ஒரு பெஞ்ச்

இருபது வருஷம் கழித்து நம் தெரு எப்படியிருக்கும் என்று காட்டும் கண்ணாடியைக் கண்ணில் மாட்டிப் பார்த்த பிறகுதான், எங்கள் வார்டுக் கூட்டத்தில் யாரும் கோரிக்கை வைக்கலாம். அன்றைக்குத் தெருவில் நடமாடப் போகிறவர்களையும் அது காட்டிவிடும்.

கார் நிறுத்த இடம் கேட்டு எங்கள் உயிரை வாங்கிக்கொண்டிருந்த அருளானந்தம் அண்ணன், கண்ணாடியைக் கழற்றியதும் தணிந்த குரலில் சொன்னார்: "பார்க்கிங் வேண்டாம். மார்க்கெட்டுக்கும் எங்க வீட்டுக்கும் நடுவுல ஒரு பெஞ்ச் போடுங்க."

"பெஞ்சு எதுக்குங்க?" என்று சிரித்தார் ஸ்டெல்லா மதினி. "கல்யாணமான நாள்ல இருந்து மார்க்கெட் பைய நீங்க என் கையில குடுத்ததே இல்லயே."

அண்ணன் மதினியைப் பார்க்கவில்லை.

"கண்ணாடியில நீதான் தனியா தூக்கிட்டு வந்த, ஸ்டெல்லா. ரோட்டுல வச்சு வச்சு எடுத்த."