முதல் பாட்டு மட்டும்

“இந்த சால்சா டான்ஸ் திருவிழாவுல எனக்குப் பிடிக்காதது என்ன தெரியுமா? முழங்கைதான்” என்றாள் அவள், விலாவைத் தடவிக்கொண்டே.

அவன் சிரித்தான். இரண்டு நிமிஷத்துக்கு முன்னால்தான் பக்கத்தில் ஆடிய ஆசாமி ஒருவர், தன் ஜோடியைச் சுற்றிவிடுகிற வேகத்தில் இவளுக்கு ஒரு இடி கொடுத்துவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போயிருந்தார். நூறு பேர் ஆடுகிற கூடத்தில் முந்நூறு பேரை உள்ளே விட்டால் வேறென்ன நடக்கும்?

மூச்சு வாங்க இருவரும் சுவரோரம் உட்கார்ந்து குறைகளை அடுக்க ஆரம்பித்தார்கள். குறை சொல்லத் துணை கிடைத்துவிட்டால் மனுஷருக்குக் களைப்பே தெரியாது. காலை வகுப்பில் மாஸ்டரின் தலைதான் தெரிந்ததாம், கால் தெரியவில்லையாம். தலையைப் பார்த்துக் கற்றுக்கொள்ள இது என்ன தலைமுடி அலங்காரமா என்றாள். பாதிப் பாட்டில் நிறுத்தி, இப்படியில்லை அப்படி என்று பாடம் எடுக்கிற அரைகுறைகளைக் கண்டாலே தனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது என்றான் அவன். பெரிய ஆட்டக்காரர்கள் தங்களுக்குள்ளேயே ஆடிக்கொண்டு, மற்றவர்களைத் தூணைப் போலத் தாண்டிப் போகிறார்கள் என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. வேர்த்து ஊறிய சட்டையை மாற்றாமல் சுற்றுகிறவர்களைப் பற்றி அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது.

“இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் வர்றீங்க?” என்று கேட்டான்.

“நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்துல வேலை பாக்குறேன். நாள் பூரா ஜனங்க எங்கிட்ட கையை நீட்டுவாங்க. முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்குவாங்க. இங்கதான் கையை நீட்டிட்டு என் முகத்தைப் பாக்குறாங்க.”

அவனுக்கு நெஞ்சுக்குள் சுருக்கென்றது. அதற்குக் காரணம் இருந்தது.

அவன் லிஃப்ட் மெக்கானிக். இந்த விழாவின் டிக்கெட் விலையைக் கேட்டாலே அவனுக்குத் தலை சுற்றும். ஆனால் விழாவை நடத்துகிற அம்மா ஒரு ஏற்பாடு வைத்திருந்தார். மூன்று நாளும் ஓசி பாஸ். பதிலுக்கு, யாரும் கூப்பிடாமல் ஓரமாக உட்கார்ந்திருக்கிறவர்களைத் தேடிப் போய் அவன் ஆட வேண்டும். வந்தவர் யாரும் ஆடாமல் திரும்பினார் என்று பேச்சு வரக் கூடாதாம். இப்படி ஒரு ஏற்பாடு இருப்பது அவர்களுக்குத் தெரியவும் கூடாதாம். ஒருவரோடு ஒரு பாட்டுதான். மீறினால் அடுத்த வருஷம் இந்தப் பக்கம் தலைகாட்ட வேண்டாம் என்று கறாராகச் சொல்லியிருந்தார்.

அப்படித்தான் மத்தியானம், தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்த இவளைக் கண்டுபிடித்தான். அவன் கை நீட்டுவதற்குள்ளேயே அவள் எழுந்துவிட்டாள். பாவம், எவ்வளவு நேரமாகக் காத்திருந்தாளோ என்று மனசு இளகிப்போயிற்று. அது முதல் பாட்டு. இப்போது எட்டுப் பாட்டு ஆகிவிட்டது.

என்ன ஆட்டம்! அவன் கால் தவறினால் அவள் அதையே ஒரு புது அடவு மாதிரி ஆக்கிவிட்டாள். இப்படி ஆடுகிறவளைக் கூப்பிடாத ஆண்களுக்கெல்லாம் கண் எங்கே போயிற்று என்று அவனுக்குக் கோபம்கூட வந்தது. நடத்துகிற அம்மா இரண்டு தடவை அந்தப் பக்கம் வந்து முறைத்துவிட்டுப் போனார். அவன் கண்டுகொள்ளவில்லை. அடுத்த வருஷத்து பாஸ் போனால் போகட்டும். இந்தப் பெண்ணை மறுபடி பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

விழா முடிய இன்னும் அரை மணி நேரம்தான் இருந்தது. போன் நம்பர் கேட்டுவிடலாம். ஆனால் உண்மையை மறைத்து நம்பர் வாங்கி, பின்னால் ஒருநாள் யார் வாய் மூலமாவது அவளுக்குத் தெரிய வந்தால் அவள் மூஞ்சியில் விழிக்க முடியுமா? முடியாது. சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னால் எழுந்து போய்விடுவாள் என்றும் பயமாக இருந்தது.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்” என்று தயங்கினான். “நானா வந்து உங்களைக் கூப்பிடலை. ஓரமா உக்காந்திருக்கிறவங்களோட ஆடுறதுதான் இங்க என் வேலை. அதுக்குத்தான் எனக்கு ஓசி பாஸ்.”

அவள் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

“அப்ப, பாவம்னு நினைச்சு ஆடியிருக்கீங்க.”

“முதல் பாட்டு மட்டும்” என்றான் அவசரமாக. “சத்தியமா. மத்த ஏழும் எனக்காக ஆடினது.”

அவள் குனிந்து, சரியாகவே இருந்த செருப்பு வாரை அவிழ்த்து மறுபடி மாட்டினாள். அடுத்த பாட்டு ஆரம்பித்துவிட்டது. எல்லாம் போச்சு, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் என்று அவன் தன்னையே நொந்துகொண்டான்.

அவள் நிமிர்ந்து, முதல் தடவையாகத் தானே கையை நீட்டினாள்.

“எனக்கும் ஓசி பாஸ்தாங்க” என்றாள். “என்ன, உங்களுக்கு ஒரு பாட்டோட டூட்டி முடிஞ்சிருக்கு. நான் அஞ்சாவது பாட்டு வரைக்கும் உங்களைப் பாவம்னு நினைச்சுத்தான் ஆடினேன்.”